விசில கீழ வெச்ச பி.டி. சாருக்கு

எல்லாருக்கும் வணக்கம். இத எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சு, பரீட்சை அது இதுன்னு தள்ளிட்டே போச்சு. ஏழாவது படிக்கிற என் பையனுக்கு ஆட்டிசம், கூடவே ஏடிஹெச்டியும் (ஒரு எடத்துல கவனம் நிக்காம துறுதுறுன்னு இருக்கறது) இருக்கு. முன்னாடி படிச்ச ஸ்கூல்ல பி.டி. பீரியட்னா அவனுக்கு ஒரே வேலைதான், வேப்பமரத்தடியில உக்காந்து மத்த பிள்ளைங்களோட வாட்டர் பாட்டில பாத்துக்கறது. அடிபட்டா யாரு பதில் சொல்றதுன்னாங்க, நானும் தலைய ஆட்டிட்டு வந்துட்டேன். விளையாட்டுலயும் சமமா வாய்ப்பு குடுக்கணும்னு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 16ஆவது பிரிவுலயே இருக்குன்னு அப்ப தெரியாது, தெரிஞ்சிருந்தா விட்டிருக்க மாட்டேன்.

சார், இங்க சேத்த முத வாரமே கூப்பிட்டு "எந்த சத்தம்மா அவனுக்கு ஆகாது?"ன்னு கேட்டீங்க. இத்தன வருஷத்துல அத யாருமே கேட்டதில்ல. விசில்னு சொன்னேன். அடுத்த பீரியட்ல உங்க கையில ஒரு பச்சை கொடி ஒரு சிவப்பு கொடி, கிளாஸ் மொத்தமும் கொடிய பாத்து ஓடுது நிக்குது, என் பையன் காத பொத்தாம நடுவுல நிக்கிறான். காம்பவுண்டு வெளிய நின்னு பாத்து அழுதேன் சார்.

பி.ஆர்.சி.யில, அதாவது வட்டார வள மையத்துல இருந்து வர்ற ஸ்பெஷல் டீச்சர் மேடம், ஓட்டம், பந்து, தண்ணி, கோ-கோ, திரும்ப கிளாஸுன்னு நீங்க வரைஞ்சு குடுத்த அஞ்சு அட்டையும் ஓரமெல்லாம் பிஞ்சு போச்சு, இன்னும் பையிலயே வெச்சிருக்கான். அடுத்தது என்னன்னு தெரிஞ்சுட்டா அவனுக்கு பதட்டம் பாதி குறையுது. மழ வந்து பீரியட் மாறினா இப்பவும் தரையில படுத்து அழுவான்தான், அப்ப பக்கத்துல சும்மா உக்காந்துக்கற வாட்ச்மேன் அண்ணாவுக்கும் என் நன்றி.

அப்புறம் பிள்ளைங்களா, நீங்க. கோ-கோல உக்காந்திருக்கவங்க முதுகுல தட்டி கோ சொல்லணும்ல, இவனுக்கு பின்னாடி இருந்து லேசா தொட்டாலே உடம்பு கூசி கத்திடுவான், அழுத்தி கை வெச்சா தாங்கிப்பான்னு தெரபிஸ்ட் சொன்னத சார்கிட்ட சொல்லியிருந்தேன், அத கேட்டுட்டு நீங்களே ஒரு ரூல் போட்டுக்கிட்டீங்க, முதல்ல பேரு, அப்புறம் உள்ளங்கைய நல்லா அழுத்தி கோ. அவனுக்கு மட்டும் தனியா வேணாம்னு எல்லாருக்குமே அப்படித்தான் விளையாடறீங்களாம், கேட்டதும் மனசு நெறஞ்சிடுச்சு கண்ணுங்களா.

போன வெள்ளிக்கிழமை அரிசி களைஞ்சிட்டு இருந்தேன். பின்னாடி வந்து "அம்மா"ன்னான், முதுகுல கைய அழுத்தி வெச்சு "கோ"ன்னான். அரிசிய அப்படியே போட்டுட்டு வாசல் வரைக்கும் ஓடினேன்.