கழுவுநீர் லோங்காங்குக்குப் போகக்கூடாது: கூட்டுறவுக் கழகச் செயலவைக்குத் திறந்த மடல்

சுங்கை சிப்புட் வட்டாரக் கூட்டுறவுக் கழகச் செயலவையினருக்கு வணக்கம்.

சாப்பாட்டுக் கடைகளில் பொரித்து மிஞ்சும் எண்ணெயில் பயோடீசல் தயாரிக்கும் உங்கள் திட்டத்தைப் படித்தோம். நல்ல யோசனை. ஆனால் எஸ்டரை (எண்ணெயும் மெத்தனாலும் வினைபுரிந்து கிடைக்கும் பயோடீசலை) மூன்று தடவை தண்ணீரில் கழுவி, அந்தப் பால்நிற நீரை லோங்காங்கில், அதாவது சாக்கடை வடிகாலில், விடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் சோப்பும் மெத்தனாலும் இருக்கும். பிறகு பலகையில் ‘பசுமை’ என்று எழுதி என்ன பயன்?

எண்ணெயைச் சோதிக்காவிட்டால் சோப்பு அதிகமாக உண்டாகும். கரண்டியில் கொஞ்சம் எண்ணெயைச் சுடவையுங்கள். சடசடத்தால் நீர் இருக்கிறது, முதலில் அதை வற்றவிட வேண்டும். அடுத்து அமிலம். 1 மில்லி எண்ணெயை 10 மில்லி ஐசோபுரொப்பனாலில் கரைத்து இரண்டு சொட்டு மஞ்சள் சாறு விடுங்கள். லிட்டருக்கு 1 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைத்த நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தால், ஆரத்தித் தட்டில் பார்க்கும் அதே சிவப்பு வரும். அது அரை நிமிடம் நிற்க வேண்டும். 3 மில்லி செலவானால், அடிப்படை 7 கிராமோடு 3 கூட்டி, லிட்டர் எண்ணெய்க்கு 10 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு; வினையைத் தூண்டும் காரம் இதுதான். 100 லிட்டருக்கு 1 கிலோ. 8 மில்லியைத் தாண்டும் எண்ணெயைச் சோப்புக்கே ஒதுக்கிவிடுங்கள்.

100 லிட்டர் எண்ணெயில், அந்தக் காரத்தைக் கரைத்த 20 லிட்டர் மெத்தனாலைச் சேர்த்து, 55 டிகிரியில் ஒரு மணி நேரம் கலக்குங்கள். வினையில் செலவாவது ஏறக்குறைய 12.5 லிட்டர்தான். மிச்சம் பெரும்பாலும் அடியில் தங்கும் கிளிசரினோடு போய்விடும். மூடிய வடிகலனில் (ஆவியைக் குளிர்வித்துப் பிடிக்கும் கலனில்) அந்த மெத்தனாலை மீட்டால் அடுத்த தடவைக்கு உதவும். மெத்தனால் 65 டிகிரியில் கொதிக்கும், ஆவி தீப்பிடிக்கும். கேஸ் அடுப்பு வேண்டாம். அலுமினியப் பாத்திரமும் கூடாது, காரம் அதை அரித்து ஹைட்ரஜன் கிளம்பும். சம்சு (மலிவுச் சாராயம்) என்று நினைத்து யாரும் தொட்டுவிடாதபடி மெத்தனாலைப் பூட்டி வையுங்கள்.

காரமாக, மலிவு என்று காஸ்டிக் சோடாவை (சோடியம் ஹைட்ராக்சைடை) தேர்ந்திருக்கிறீர்கள். அதில் மிஞ்சும் சோடியம் உப்பைக் கொட்ட இடம் தேடவேண்டும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்றால், கிளிசரினில் பாஸ்பாரிக் அமிலம் சேர்த்ததும் படியும் பொட்டாசியம் பாஸ்பேட் செம்பனைக்கு உரம்.

கழுவத் தண்ணீரே தேவையில்லை. எஸ்டரிலிருந்து மெத்தனாலை முழுக்க ஆவியாக்கிவிட்டு, உலர்ந்த மரத்தூள் நிரப்பிய குழாய் வழியே விடுங்கள். மெத்தனால் இருக்கும்வரை சோப்பு கரைந்தே கிடக்கும், மரத்தூள் பிடிக்காது. வெளிவந்ததில் 3 மில்லியை 27 மில்லி மெத்தனாலில் குலுக்குங்கள். அடியில் எண்ணெய்த் துளி தங்கினால் வினை முடியவில்லை.

கூடுதல் செலவு வடிகலனும் மரத்தூள் குழாயும்தான். அவற்றின் வரைபடத்தை அடுத்த கூட்டத்துக்கு முன் தருகிறோம். அதுவரை காஸ்டிக் சோடாவுக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள்.