ஆண்டறிக்கை 2025: விமானிகள் சங்கம், சென்னைக் கிளை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், டூட்டியை மாற்றிக்கொண்டு இன்று வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். ஸ்டாண்ட்பையில், அதாவது கூப்பிட்டால் உடனே கிளம்ப வேண்டிய டூட்டியில், இருப்பதால் போனை மேசைமேல் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான்.

முதலில் அஞ்சலி. ஜூன் 12 அன்று அகமதாபாத் ஏர் இந்தியா விபத்தில் விமானத்தில் 241 பேரும் தரையில் 19 பேரும் இறந்தார்கள். ஜூலை 12 அன்று முதற்கட்ட அறிக்கை வந்ததும், இறுதி அறிக்கைக்குக் காத்திருக்காமல் தொலைக்காட்சிகளிலேயே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். காக்பிட்டில் இருந்த இருவரும் பதில் சொல்ல முடியாத இடத்துக்குப் போய்விட்டார்கள் என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. விபத்து நடந்து நான்காம் நாள் ஏர் இந்தியாவில் 112 விமானிகள் உடல்நலக் குறைவால் வரவில்லை என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. அந்தச் செய்தி நம்மில் யாருக்கும் ஆச்சரியம் தரவில்லை. மனம் சரியில்லாதபோது பெயர் பதியாமல் பேச நம் கிளையில் மூத்த கேப்டன்கள் இருவர் முன்வந்திருக்கிறார்கள். கூப்பிடத் தயங்க வேண்டாம்.

சரி, நிர்வாகத்தோடு நடக்கும் ஒப்பந்தப் பேச்சுவார்த்தைக்கு வருகிறேன். ஆண்டின் பெரும்பகுதி இதிலேயே போயிற்று. சிமுலேட்டர் கருத்தரங்கு, குடும்ப தின விழா, ரத்த தான முகாம் மூன்றும் நன்றாக நடந்தன என்ற ஒரு வரியோடு மற்றவற்றை முடித்துக்கொள்கிறேன்.

எந்தக் கோரிக்கையை முதலில் வைப்பது என்று கேட்டு எல்லோருக்கும் படிவம் அனுப்பினோம். திரும்பி வந்தவற்றைப் பார்த்தால் இரண்டு கட்சி. கேப்டன்களில் பெரும்பாலோர் ஓய்வு, விடுப்பு, ரோஸ்டர் (டூட்டி அட்டவணை) என்று எழுதியிருந்தார்கள். ஃபர்ஸ்ட் ஆபீசர்களில், அதாவது கோ-பைலட்டுகளில், பெரும்பாலோர் உத்தரவாத மணி நேரத்தையும் பயிற்சி பாண்டையும் (குறிப்பிட்ட காலம் வேலையை விட மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கும் பத்திரம்) முதலில் போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு சின்னக் கூட்டம், கமாண்ட் அப்கிரேடுக்கு, அதாவது கேப்டன் பதவிக்கு, காத்திருப்பவர்கள், சீனியாரிட்டி பட்டியலைத் தவிர வேறெதையும் எழுதவில்லை.

பொதுக்குழுவுக்கு நம் வீட்டாரும் வந்திருப்பதால் உத்தரவாத மணி நேரம் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். நம் சம்பளத்தின் பெரும்பங்கு பறக்கும் நேரத்தைப் பொறுத்தது. விமானம் நின்ற இடத்திலிருந்து நகரும்போது கணக்கு தொடங்கும், போய்ச் சேர்ந்து பார்க்கிங் பிரேக் போட்டதும் நின்றுவிடும். டெல்லி மூடுபனியில் மூன்று மணி நேரம் காக்பிட்டில் உட்கார்ந்திருந்தாலும் விமானம் நகராதவரை அந்தக் கணக்கில் பூஜ்யம். அதனால்தான் மாதம் 70 மணி நேரத்துக்கு, பறந்தாலும் பறக்காவிட்டாலும் சம்பளம் என்ற ஏற்பாடு முக்கியமாகிறது. விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணையும் வேளையில் அந்த 70 என்பது 40 ஆனதும், 2024 ஏப்ரல் தொடக்கத்தில் அங்கே எத்தனை விமானங்கள் ரத்தாயின என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். நம் நிறுவனமும் அதே பாதையில்தான் போகப் பார்க்கிறது.

ஏப்ரல் கூட்டம் பல்லாவரத்தில் நடந்தது. காரசாரமான கூட்டம். தென்மாவட்டத்திலிருந்து வந்த இளம் ஃபர்ஸ்ட் ஆபீசர் ஒருவர் எழுந்து, "கேப்டன் சார், நீங்க தூங்க நேரம் வேணும்னு கேக்குறீங்க. எனக்கு ஈ.எம்.ஐ.யை நெனச்சா தூக்கமே வரமாட்டேங்குது" என்றார். மண்டபமே சிரித்தது, அவர் சிரிக்கவில்லை. லைசென்சுக்கும், குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டும் தகுதியான டைப் ரேட்டிங்குக்கும் சேர்த்து அப்பா நிலத்தை அடமானம் வைத்து வாங்கிய கடன், அதற்கு மேல் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்த பாண்டு. ஓய்வு பெற இரண்டு வருடமே இருக்கும் கேப்டன் ஒருவர், "தம்பி, மெடிக்கல்ல ஒரு தடவை அன்ஃபிட்னு எழுதிட்டா அந்த ஈ.எம்.ஐ.யை யார் கட்டுவா?" என்று கேட்டார். அதுவரை யாரும் வாயில் எடுக்காத லைசென்ஸ் இழப்புக் காப்பீடு அந்தக் கேள்வியால்தான் பட்டியலுக்குள் வந்தது. கர்ப்பம் உறுதியாகி பறப்பதை நிறுத்தும் மாதத்தோடு பெண் விமானிகளின் வருமானமும் பாதாளத்துக்குப் போவதை இரண்டு உறுப்பினர்கள் எழுதியே கொடுத்தார்கள். அதையும் சேர்த்தோம். இவ்வளவு காலமாக அது பட்டியலில் இல்லாமல் போனது நமக்குப் பெருமையில்லை.

அப்புறம் அந்த வாட்ஸ்அப் பார்வர்டு. அமெரிக்காவின் டெல்டா விமானிகள் 2023-ல் நான்கு ஆண்டுக்கு 34 சதவீத உயர்வு வாங்கினார்கள், ஏர் கனடாவில் 2024-ல் ஏறக்குறைய 42 சதவீதம், நம் சங்கம் என்ன செய்கிறது என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் டெல்டாவில் அதற்கு முந்தைய அக்டோபரில் நடந்த ஓட்டெடுப்பில் 99 சதவீதம் பேர் வேலைநிறுத்தத்துக்குச் சம்மதம் தந்திருந்தார்கள். அங்கே எல்லோருக்கும் ஒரே ஒப்பந்தம், பேசுவது சங்கம் மட்டும். இங்கே ஒவ்வொருவர் மின்னஞ்சலுக்கும் தனித்தனி ஒப்பந்தம் வருகிறது. இரவு டூட்டி முடிந்து வந்த களைப்பில் 'ஏற்கிறேன்' என்ற பொத்தானை அமுக்கிவிட்டு மறுநாள் காலை எனக்கு போன் செய்கிறோம். "பிடிக்காவிட்டால் வேலையை விட்டுப் போ" என்பதும் இங்கே லேசில்லை. விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் 2017 விதிப்படி கேப்டனுக்கு 12 மாதமும் கோ-பைலட்டுக்கு 6 மாதமும் நோட்டீஸ்.

இனி ஓய்வு. டிஜிசிஏ 2024 ஜனவரியில் வெளியிட்ட புதிய பணிநேர விதிகள், டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்த பிறகு, இந்த ஆண்டு ஜூலை 1, நவம்பர் 1 என இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தன. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆயிற்று. இரவு என்பது நள்ளிரவு முதல் காலை 5 வரை என்று இருந்தது 6 வரை நீண்டது. இரவில் இறங்கும் எண்ணிக்கை 6-லிருந்து 2 ஆகக் குறைந்தது. அந்த 5-லிருந்து 6 வரையிலான ஒரு மணி நேரத்தை வெளியாட்கள் சாதாரணமாக நினைக்கலாம். காலை முதல் ஃப்ளைட்டுக்கு 5.10-க்கு ரிப்போர்ட் செய்ய நங்கநல்லூரில் இருப்பவரே மூன்றரைக்கு எழ வேண்டும், தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவரைக் கேட்கவே வேண்டாம். இதுவரை அந்த ரிப்போர்ட்டிங் பகல் டூட்டிக் கணக்கில் வந்தது. விதி மாறியதும் நம் ரோஸ்டரில் பல ரிப்போர்ட்டிங் நேரங்கள் 6.05-க்கு நகர்ந்தன. கணக்குப் போட நிறுவனத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை!

இந்த விதிகள் வந்ததும், "ஓய்வுதான் சட்டமாகவே வந்துவிட்டதே, இனி பேச்சுவார்த்தையில் சம்பளத்தை மட்டும் பிடிப்போம்" என்று உறுப்பினர்கள் பலர் சொன்னார்கள். செயற்குழுவிலும் அந்தப் பக்கம்தான் பெரும்பான்மை. நான் ஒப்பவில்லை. என் கருத்தைக் குறிப்பேட்டில் பதியச் சொன்னேன், பதிந்தார்கள்.

டிசம்பரில் நடந்தது உங்களுக்குத் தெரியும். புதிய விதிகளுக்கு ஏற்ப விமானிகளைத் திட்டமிடாததால் இண்டிகோவின் சேவை குலைந்து, டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. விடுப்பை வார ஓய்வாகக் கணக்கிடக் கூடாது என்ற விதியை டிஜிசிஏ அதே நாளில் விலக்கிக்கொண்டது. அந்த நிறுவனத்துக்கு இரவுப் பணி விதிகளிலும் 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு கிடைத்தது. விமான நிலையத்தில் குழந்தைகளோடு தவித்த பயணிகளைப் பார்த்தால் அரசு ஏதாவது செய்யத்தான் வேண்டியிருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டு ஆண்டு நீதிமன்றமும் மனுவுமாக அலைந்து வாங்கியதை எடுக்க ஒரு பக்கக் கடிதம் போதுமாக இருந்தது. விதியை நம்பி ஒப்பந்தத்தில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தால் நம்மிடம் இன்று என்ன மிஞ்சியிருக்கும்?

ஆகவே ஓய்வு நேரத்தை ஒப்பந்தத்திலேயே மணி நேரக் கணக்கில் எழுத வேண்டும் என்பது என் நிலை. நிர்வாகம் அனுப்பிய வரைவில் அந்தப் பத்தி "நடைமுறையில் உள்ள டிஜிசிஏ விதிகளுக்கு உட்பட்டு ஓய்வு வழங்கப்படும்" என்று மட்டும் இருக்கிறது. அதை அடித்துவிட்டு, "48 மணி நேரத்துக்குக் குறையாமல், விடுப்பு நாள் இதில் சேராது" என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். டிசம்பர் கடைசி வாரச் செயற்குழுவில் இது ஒரு மனதாக நிறைவேறியது என்று சொல்ல ஆசைதான், ஆனால் ஒரு மனதாக நிறைவேறவில்லை. நம் பொருளாளரே எதிர்த்தார். "கையில் வரும் காசை விட்டுவிட்டு வராத தூக்கத்துக்குச் சண்டை போடுகிறோம்" என்பது அவர் வாதம். அவர் இன்று பேசுவார், அவர் பக்கமும் விஷயம் இருக்கிறது.

பேச்சுவார்த்தை நிற்கும் இடம் இதுதான். மணி நேர விகிதத்தை உயர்த்தச் சம்மதிக்கிறார்கள், ஆனால் பதிலுக்கு ஆண்டு விடுப்பில் ஒரு பகுதியைப் பணம் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வார்களாம். உத்தரவாத மணி நேரம் 40-லிருந்து நகரவில்லை. பாண்டு பற்றிப் பேசவே மறுத்தார்கள். லைசென்ஸ் இழப்புக் காப்பீட்டுக்குக் கொள்கையளவில் சரி என்றார்கள், தொகை சொல்லவில்லை. வெளியூரில் தங்கும் லே ஓவர் ஓட்டல் விவகாரம் மட்டும் ஒரே அமர்வில் முடிந்தது. கடைசி நேர ரோஸ்டர் மாற்றத்துக்கு இழப்பீடு கேட்டதற்கு மனிதவளத் துறையிலிருந்து வந்த பதில், "பரிசீலனையில் உள்ளது." கேள்வியும் பதிலும் மூன்று வருடமாக மாறவில்லை.

கடைசியாக உறுப்பினர் சேர்க்கை. நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அதன்படி ஒன்றுக்கு மேற்பட்ட சங்கம் உள்ள இடத்தில் ஊழியர்களில் 51 சதவீதம் பேரைக் காட்டும் சங்கம்தான் தனியாகப் பேசும் உரிமை பெறும். நம்மோடு நிர்வாகம் இதுவரை பேசியது 'விமானிகள் பிரதிநிதிகள்' என்ற மரியாதைக்குத்தான், சட்டப்படி அல்ல. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பாதிப்பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒரே நாளில் கேஷுவல் லீவு போட்டால் அதுவும் வேலைநிறுத்தம் என்றே சட்டம் சொல்கிறது, முன்னறிவிப்பு இல்லாமல் செய்தால் சட்டவிரோதம். "எல்லாரும் ஒரு நாள் லீவு போட்டா தெரியும்" என்று குழுவில் எழுதும் தம்பிகள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு எழுதவும்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். அவையின் முடிவுக்கு இரண்டு தீர்மானங்கள் வைக்கிறேன். ஓய்வுப் பத்தியை மேலே சொன்ன வாசகத்திலேயே வலியுறுத்துவது முதலாவது. அது ஏற்கப்படும்வரை விடுப்பைத் திரும்ப விற்கும் படிவத்தில் உறுப்பினர்கள் யாரும் கையெழுத்திடாமல் இருப்பது இரண்டாவது. ரகசிய ஓட்டெடுப்பு. ஸ்டாண்ட்பையிலிருந்து அழைப்பு வந்து கிளம்ப வேண்டியவர்கள், முதலில் ஓட்டைப் போட்டுவிட்டுப் போகவும். பெட்டி வாசலிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்
சென்னைக் கிளை