ஒதுக்கிய நாள் கடந்தபின் வந்த அனுமதி: ஒரு திறந்த மடல்

ஆய்வு மாணவர்களின் வெளிநாட்டுப் பயணத்துக்கு அனுமதியும் நிதியும் வழங்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் மாணவி ஒருவருக்கான பயண அனுமதிக் கடிதம் சென்ற வாரம் திருகோணமலைக்கு வந்து சேர்ந்தது. மிகப் பிரகாசமான எக்ஸ் கதிர்களைத் தரும் பெரிய ஆய்வு இயந்திரமான வெளிநாட்டுச் சிங்க்ரோட்ரான் ஒளிமூலம் ஒன்றில் அவருக்கு ஒதுக்கியிருந்த நாட்கள் அதற்கு முன்பே கடந்துவிட்டன. கோப்பு எங்கெங்கே தேங்கிக் கிடந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். இழந்தது என்ன என்பதை மட்டும் சொல்கிறேன்.

புல்மோட்டைக் கரையின் கறுப்பு மணலிலிருந்து, இரும்பும் தைத்தேனியம் என்ற உலோகமும் கொண்ட கனிமமான இல்மனைட்டின் துகள்களை நுணுக்குக்காட்டியின் கீழ் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மஞ்சள் நிற மெல்லிய நாடாவில் ஒட்டி, எந்த இடம், எந்த ஆழம் என்று நாடாவைத் தாங்கும் சட்டகத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார் அவர். அத்துகள்களிலுள்ள இரும்பின் ஒட்சியேற்ற நிலை, அதாவது இரும்பு அணு எத்தனை இலத்திரன்களை இழந்திருக்கிறது, என்ன என்பதே அவருடைய கேள்வி. காற்றும் நீரும் பட்டு இல்மனைட் சிதையும்போது அந்நிலை மாறுகிறது; தைத்தேனியத்தைப் பிரித்தெடுக்கும் முறையையும் அது பாதிக்கிறது. இதை அறிய, எக்ஸ் கதிரின் சக்தியை இரும்புக்குரிய 7,112 இலத்திரன்வோல்ற்றின் அருகே சிறிது சிறிதாகக் கூட்டியபடி, ஒரே துகளின் விளிம்பிலும் நடுவிலும் தனித்தனியே பாய்ச்ச வேண்டும். அவ்வளவு நுண்ணிய கற்றையை அத்தனை பிரகாசத்தோடு ஆய்வுகூடத்துச் சாதாரண எக்ஸ் கதிர்க் குழாய் தராது. ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும் இலத்திரன்களைக் காந்தங்களால் வளைக்கும்போது பிறக்கும் ஒளி அதைத் தரும். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், உயிர்க்கலங்களில் புரதத்தை உருவாக்கும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததும் இவ்வகை ஒளியின் துணையோடுதான். அதற்காக 2009 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

முடிவுகளை வெளியிடும் கல்வி ஆய்வாளரிடம் இத்தகைய நிலையங்கள் பொதுவாகக் கட்டணம் கேட்பதில்லை. விண்ணப்பத்தின் தரத்தைப் போட்டியில் எடைபோட்டு நாள் ஒதுக்குகின்றன. அந்த நாளில் வராதவருக்காக இயந்திரம் நிற்பதில்லை. ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றே: ஒதுக்கீடு பெற்றவரின் கோப்புக்கு, ஆமென்றாலும் இல்லையென்றாலும், பயணத் திகதிக்கு முன் முடிவு சொல்லுங்கள். மறுப்பைத் தாங்கிக்கொள்வோம், வேறு வழி தேடுவோம். நாள் கடந்தபின் வரும் சம்மதத்தை வைத்து எதுவும் செய்ய முடியாது.

புல்மோட்டை மணல் பல தசாப்தங்களாகக் கப்பலேறிப் போகிறது. அதை வாங்குவோர் அறிந்த அளவுக்காவது நாம் அதை அறிந்திருக்கிறோமா? யோர்தானில் 2017 இல் திறக்கப்பட்ட செசாமி ஒளிமூலத்தில் ஈரானும் இஸ்ரேலும், பலஸ்தீனமும் பாகிஸ்தானும் உறுப்பு நாடுகள். பகைமைக்கு நடுவிலும் ஓர் ஒளிமூலத்தைப் பகிர முடிகிறதென்றால், ஒரே நாட்டில் திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு வரும் ஒரு கோப்புக்கு உரிய காலத்தில் ஒப்பமிட முடியாதா? இரவுப் பேருந்தில் வந்து வாசலில் காத்திருந்த மாணவியிடம் "பிறகு வாருங்கள்" என்று மட்டும் சொன்னது எங்களுக்கு மிகவும் வலிக்கிறது.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். அவர் மீண்டும் விண்ணப்பித்திருக்கிறார். மணல் துகள்களும் பழுதின்றி இருக்கின்றன. நாள் கிடைத்ததும் கோப்பு உங்களிடம் வரும். இம்முறை பயணத் திகதிக்கு முன் முடிவு தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அவருடைய ஆய்வு மேற்பார்வையாளர்,
திருகோணமலை