மஞ்சள் கறையை வெட்டட்டுமா?

வடவள்ளி, கோவை
24.1.2021

அன்புள்ள தோழிக்கு,

உன் அம்மாவின் புடவைகளை வைத்து நீ அனுப்பிய பார்சலும் அதற்குள் இருந்த கடிதமும் வந்து இரண்டு மாதமாகிறது. நடுவில் எத்தனையோ தடவை போனில் பேசிவிட்டோம். ஆனாலும் நீ எழுதிக் கேட்டிருந்த கேள்விக்கு எனக்குப் போனில் பதில் சொல்ல வரவில்லை. "எல்லாம் அடைத்துக் கிடந்த வருஷத்தில் உங்கள் தையல் கூட்டத்தை எப்படி ஓட்டினாய்?" என்று கேட்டிருந்தாய். இன்று ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் யாரும் இல்லை. உட்கார்ந்து எழுதினால்தான் எனக்கே கோர்வையாக வரும்.

முதலில் உன் சேதி. 19ஆம் தேதி பத்துக்கும் பன்னிரண்டுக்கும் பள்ளி திறந்தாயிற்றே, உன் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் வந்தார்கள்? நாள் முழுக்க முகக்கவசத்தோடு கணக்குப் பாடம் நடத்துவது தொண்டைக்குக் கஷ்டம். வெந்நீர் எடுத்துப் போ. அம்மா இல்லாத முதல் பொங்கல் எப்படிப் போனது என்று கேட்க நினைத்து நினைத்து விட்டுவிட்டேன். உனக்குத் தோன்றும்போது எழுது.

சரி, துண்டுத் துணிகளை இணைத்துக் குவில்ட் என்கிற ஒட்டுப்போர்வை தைக்கிற எங்கள் கூட்டத்துக்கு வருகிறேன். 2016இல் ஐந்து பேராக ஆரம்பித்தது, போன வருஷம் பதினான்கு பேர். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, எங்கள் வீட்டு முன் ஹாலில். கடைசியாக மார்ச் 14ஆம் தேதி கூடினோம். அன்று எல்லோரும் லாக் கேபின் கட்டம் தைத்துக்கொண்டிருந்தோம். நடுவில் ஒரு சிவப்புச் சதுரம், அதுதான் அடுப்பு. அதைச் சுற்றிச் சுற்றி நீளத் துண்டுகளை மரவீடு மாதிரி அடுக்கிக்கொண்டே போக வேண்டும். ஒருபக்கம் வெளிர் நிறம், மறுபக்கம் அடர் நிறம். பதினான்கு பேரும் ஆளுக்கு இரண்டு கட்டம் தைத்து அடுத்த மாதம் கொண்டுவந்தால் ஒன்றாக இணைத்துவிடலாம் என்று பேசிக் கலைந்தோம். மார்ச் 22 சுய ஊரடங்கு, 25இலிருந்து நாடே அடைப்பு. அந்தக் கட்டங்களில் பாதி இன்னும் அவரவர் வீட்டில்தான் இருக்கின்றன.

ஏப்ரல் முழுக்க முகக்கவசம் தைத்தோம். யாரும் யாரையும் கேட்கவில்லை; துணியும் மிஷினும் இருக்கிற வீட்டில் வேறென்ன செய்வது? நெருக்கமாக நெய்த காட்டன் எங்களிடம் அலமாரி அலமாரியாக இருந்தது. மேலே ஒன்று, அடியில் ஒன்று, நடுவில் பழைய வேட்டித் துணி. குவில்ட் என்றாலே மூன்று அடுக்குதானே, எங்கள் கை தானாகவே மூன்று அடுக்காகத் தைத்தது. ஜூனில் உலக சுகாதார நிறுவனமும் துணிக் கவசத்துக்கு மூன்று அடுக்கு என்று சொன்னபோது எங்களுக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா!

எலாஸ்டிக்தான் எங்கும் கிடைக்கவில்லை. அப்போது எங்களில் ஒருத்தி, திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவள், ஒரு வழி சொன்னாள். பனியன் துணியைக் குறுக்குவாட்டில் ஓர் அங்குல அகலத்துக்கு வெட்டு, இரண்டு முனையையும் பிடித்து ஓர் இழு இழு. ஓரங்கள் தானாகச் சுருண்டு கயிறு மாதிரி ஆகிவிடும். மடிக்க வேண்டாம், தைக்க வேண்டாம், காதும் வலிக்காது. வீட்டுக்காரர்களின் பழைய பனியன் எல்லாம் இப்படித்தான் தீர்ந்தது. மே முதல் வாரத்துக்குள் அறுநூற்று நாற்பது கவசம் தைத்தோம். எங்கள் தெருவைக் கூட்ட வருகிற தூய்மைப் பணியாளர்களுக்கும், காய்கறி வண்டிக்காரர்களுக்கும் கொடுத்தோம்.

அப்புறம்தான் நான் தவறு செய்தேன். மே மாதம் எல்லோரும் வீடியோவில் கூடுகிறார்களே, நாமும் கூடுவோம் என்று ஏற்பாடு செய்தேன். முதல் சனிக்கிழமை ஒன்பது பேர், அடுத்ததற்கு ஏழு, அதற்கடுத்ததற்கு ஐந்து. திரையில் தெரிகிற முகங்களை எண்ணிக்கொண்டு, கூட்டம் நடக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். வராதவர்கள் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. வேலை இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் டெய்லரம்மாவைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். பைண்டிங், அதாவது போர்வையின் விளிம்பைச் சுற்றித் தைக்கிற துணிப்பட்டை, அதை மூலையில் மடக்கித் திருப்புவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அவளுக்கு வருஷத்தில் பெரிய வரும்படி மே, ஜூன் இரண்டு மாதம்தான். பள்ளிச் சீருடை தைக்கிற மாதங்கள். பள்ளி திறக்கவில்லை என்றால் உனக்கு வகுப்பில்லை. அவளுக்குச் சோறில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. ஜூலையில் வேறு எதற்கோ அவளைக் கூப்பிட்டபோது, பவர் மிஷினை அடகு வைத்து ஒரு மாதமாகிறது என்று சாதாரணமாகச் சொன்னாள். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. எட்டு வருஷப் பழக்கம், இரண்டரை மாதமாக ஒரு போன் செய்யவில்லை நான்.

மறுநாள் எல்லோரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். கூட்டத்தின் சேமிப்பில் கண்காட்சிக்கென்று வைத்திருந்த பணம் இருந்தது. அதை அவளுக்குச் சும்மா கொடுத்தால் வாங்க மாட்டாள். எங்கள் அத்தனை பேர் வீட்டிலும் மேல்பக்கம் மட்டும் முடிந்து ஓரம் கட்டாமல் கிடந்த குவில்ட்கள் பதினேழு. அவற்றுக்குப் பைண்டிங் கூலி என்று முன்பணமாகக் கொடுத்தோம். மிஷின் திரும்பி வந்தது. பதினேழையும் அக்டோபருக்குள் முடித்துக் கணக்கை நேர் செய்துவிட்டாள். அவளுடைய மூலைகளை நீ பார்க்க வேண்டும், நாற்பத்தைந்து டிகிரியில் கத்தி வைத்து வெட்டின மாதிரி இருக்கும்.

அந்த ஜூலையில்தான் வீடியோவை விட்டேன். மிஷின் இல்லாதவர்களும் ஸ்மார்ட்போன் இல்லாதவர்களும் சேர்ந்து செய்கிற மாதிரி ஏதாவது வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தபோது, ரயில்வேக்கார அக்கா சொன்னார். அவர் கணவருக்குக் கர்நாடகத்தில் ஹூப்ளியில் வேலை. அங்கிருந்து ஹளியால், எல்லாபூர் பக்கம் போனால் சித்தி சமூகத்துப் பெண்கள் கவந்தி என்கிற பழந்துணிப் போர்வை தைப்பதைப் பார்க்கலாமாம். ஆப்பிரிக்காவிலிருந்து போர்ச்சுகீசியர்கள் கோவாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவந்தவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். நம்மைப் போலக் கட்டம் கட்டமாகத் தைத்து இணைப்பதில்லை. அடித்துணியை விரித்து, ஒரு மூலையில் ஆரம்பித்து, பழைய துணித் துண்டுகளை ஓரம் மடித்து வைத்து ஓட்டுத்தையலாகத் தைத்துக்கொண்டே ஓரத்தைச் சுற்றி வருவார்கள். ஒரு சுற்று முடிந்தால் அதற்கு உள்ளே அடுத்த சுற்று. இப்படியே வெளியிலிருந்து உள்ளே போய் நடுவில் முடியும். அளவு பார்க்க ஸ்கேல் வேண்டாம், துணி வெட்டுகிற வட்டக் கத்தி வேண்டாம், கரண்டும் வேண்டாம். கால் அங்குலம் பிசகினால் எல்லாம் கோணும் என்கிற பயமும் இல்லை. கடைசியில் நான்கு மூலைக்கும் முக்கோணமாக மடித்த துண்டுகளைப் பூ என்று தைத்து வைப்பார்கள். அந்தப் பூ இல்லாவிட்டால் போர்வை அம்மணமாக இருக்கிறது என்பார்களாம். எனக்கு அந்தச் சொல் அவ்வளவு பிடித்துப்போனது.

ஆக, ஒரு பழைய நெகமம் புடவையை அடித்துணியாக வைத்து, மேலே இரண்டு மடிப்பு வேட்டி வைத்து, ஒரு மஞ்சப்பையில் போட்டோம். ஆளுக்கு ஒரு சுற்று, நான்கு நாள். பால்காரத் தம்பி காலையில் பால் ஊற்றுகிற வழியில் பையை அடுத்த வீட்டு கேட்டில் மாட்டிவிட்டுப் போவார். பையை ஒருநாள் முழுக்க வெயிலில் தொங்கவிட்டுத்தான் தொடுவோம், அவ்வளவு பயம் அப்போது. ஜூலை, ஆகஸ்ட் ஞாயிற்றுக்கிழமைகளில் முழு ஊரடங்கு, ஆனாலும் பால் உண்டு என்பதால் பை மட்டும் நிற்கவில்லை.

நூல்தான் பாதியில் தீர்ந்தது. எனக்கு வேண்டிய தடித்த வெள்ளை நூல் கடைவீதியில் கிடைக்கவில்லை. வங்காளத்துப் பெண்கள் காந்தா என்கிற பழம்புடவைப் போர்வை தைக்க அந்தக் காலத்தில் பழைய புடவைக் கரையிலிருந்து இழை உருவி எடுப்பார்கள் என்று படித்திருந்தேன். செய்து பார்த்தேன். கரையை ஒரு முழ நீளத்துக்குக் கிழித்து, ஊசி முனையால் ஓர் இழையைக் கிளப்பி மெதுவாக இழுத்தால், அலை அலையாக நெளிந்துகொண்டு வருகிறது. அத்தனை வருஷம் மேலும் கீழுமாக நெய்து கிடந்த நெளிவு. ஈரக் கையால் நீவி, மூன்று இழை சேர்த்து முறுக்கினால் தைக்கலாம். ஆறாவது சுற்று முழுக்க அந்த நூல்தான், மெரூன் நிறம்.

ஒண்டிப்புதூர்ப் பாட்டிக்கு மட்டும் பை போகவில்லை. ஊரின் அந்தக் கோடி, பட்டன் போன், எழுபத்தெட்டு வயது. ஆகஸ்டில் அவர் தெருவையே அடைத்துவிட்டார்கள். நாங்கள் பத்துப் பேர் பத்துச் சுற்று முடித்து, நடுவில் ஓர் உள்ளங்கை அகலம் வெற்றாக விட்டு வைத்தோம். செப்டம்பர் 1ஆம் தேதி மறுபடி பஸ் ஓடியது. மூன்றாம் நாள் நானே பையை எடுத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் சீட்டுக்கு ஒருவர்தான். பாட்டி கேட்டுக்கு உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், நான் வெளியே. போர்வையை விரித்து ஒவ்வொரு சுற்றையும் விரலால் தடவி, "இது டெய்லர் புள்ள, இது நீ, நீ இழுத்துத் தைக்கற கண்ணு" என்று பெயர் பெயராகச் சொன்னார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கண் மங்கியதால் பாட்டிக்கு ஊசியில் நூல் கோர்க்க வராது. பேரன் தினமும் காலையில் பத்து ஊசியில் நூல் கோர்த்து நாள்காட்டி அட்டையில் வரிசையாகக் குத்தி வைத்துவிடுவானாம். தேதி கிழிப்பதும் ஊசி குத்துவதும் ஒரே நேரம். அந்தப் பத்து ஊசி தீர்ந்தால் அன்றைய தையல் முடிந்தது.

நடுவில் என்ன வைத்தார் தெரியுமா? தாத்தா பஸ் டிரைவராக இருந்தபோது போட்ட காக்கிச் சட்டையிலிருந்து ஒரு துண்டு. வண்ண வண்ணமாகச் சுற்றி வந்து காக்கியில் முடிந்தது போர்வை. அழகாக இருக்குமா என்று எனக்கு முதலில் தயக்கம். இப்போது என் கண் நேராக அங்கேதான் போய் நிற்கிறது. பாட்டிக்கே அதைக் கொடுத்துவிட்டோம்.

உனக்கு எழுத வந்ததே இதற்காகத்தான். செப்டம்பர் கடைசியில் அம்மா போனபோது நான் வரவில்லை. இருபது பேருக்குமேல் கூடாது, வேறு மாவட்டம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். காரணங்கள் உண்மைதான், ஆனாலும் வந்திருக்க வேண்டும். விடுதியில் நாம் இருந்த மூன்று வருஷமும் மாதாமாதம் எனக்கும் சேர்த்து இட்லிப்பொடி இடித்து அனுப்பியவர். எள்ளு வறுத்த வாசனை வராந்தா முழுக்க வரும்.

பார்சலைப் பிரித்தபோது முதலில் அந்துருண்டை வாசனை, அதற்கடியில் அம்மா. ஒன்பது புடவை. துவைத்து நிழலில் உலர்த்தி, மறுபடியும் மடித்து வைத்திருக்கிறேன். கண்டாங்கி இரண்டும் பலமாக இருக்கின்றன, இவற்றில் தைக்கப்போகிற போர்வையின் அடித்துணிக்கு அவைதான். வாயில் என்கிற மெல்லிய துணிப் புடவைகள் நைந்திருக்கின்றன, இரட்டையாக வைத்தால் தாங்கும். பச்சைச் சுங்குடியை மட்டும் கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா அதைக் கஞ்சிபோட்டு இஸ்திரி செய்து கட்டுவார் போலிருக்கிறது, புள்ளிகளின் முடிச்சுச் சுருக்கம் எல்லா இடத்திலும் தட்டையாகிவிட்டது. இடுப்பில் செருகுகிற பகுதியில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு இன்னும் இருக்கிறது, தொட்டால் தெரிகிறது. முந்தானை ஓரத்தில் மஞ்சள் கறை, கை துடைத்த இடம். ஐந்து விரலும் தெரிகிற மாதிரி. இரண்டு தடவை துவைத்தும் போகவில்லை.

அதை வெட்டி எடுத்துவிடட்டுமா, இல்லை நடுவில் வைக்கட்டுமா? மற்றது எதற்கும் உன்னைக் கேட்க மாட்டேன், இதை மட்டும் நீதான் சொல்ல வேண்டும். எங்கள் பதினான்கு பேரும் அவர்களுக்கு முன்பின் தெரியாத உன் அம்மாவுக்காக ஆளுக்கு ஒரு சுற்று என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அதில் உனக்குச் சங்கடம் இருந்தாலும் சொல், நான் ஒருத்தியே தைத்துவிடுகிறேன்.

வியாழக்கிழமை தைப்பூசம். மருதமலைக்குக் காவடிக் கூட்டம் எங்கள் தெரு வழியாகத்தான் போகும், அன்று ஒன்றும் ஓடாது. பிப்ரவரி 13ஆம் தேதி, இரண்டாவது சனிக்கிழமை, பதினொரு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக எங்கள் மொட்டை மாடியில் கூடுகிறோம். பாட்டியும் வருகிறார். அன்றுதான் முதல் மூலையை ஆரம்பிப்பது. அதற்குள் பதில் போடு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி