பன்னிரண்டு சென்ட்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய பணம் சென்ற வாரமே வந்து சேர்ந்தது. மாடி ஒழுக்கை அடைக்கக் கேட்டதைப்போல் இரண்டு மடங்கு அனுப்பியிருக்கிறாய். அம்மா அதைக் கோயிலில் எல்லாரிடமும் சொல்லி முடித்துவிட்டாள், எனக்கும் பெருமைதான். ஆனால் பணம் வந்த செய்தியை வங்கிதான் சொன்னதே தவிர நீ சொல்லவில்லை என்பதை எழுதாமலிருக்க மனம் வரவில்லை.

இரவு ஜெபம் முடிந்து படுக்குமுன் கைப்பேசியைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. இப்போது இங்கே பத்தரை என்றால் சிட்னியில் விடிகாலை மூன்று. அந்த நேரத்திலும் நீ விழித்திருப்பது தெரிகிறது. மருமகளிடம் கேட்கலாமா என்றாள் அம்மா; வேலை இருக்கும், கேட்க வேண்டாம் என்றேன். உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு. "செல்வனுடைய பெருக்கோ அவனைத் தூங்கவொட்டாது" என்னும் பிரசங்கியின் வசனத்தை நான் உனக்கென்று தேடி எடுக்கவில்லை. அன்றைய வேதவாசிப்பில் அதுவாக வந்தது.

2016-இல் முதல் வீட்டை வாங்கியபோது, இனிமேல் நிம்மதி அப்பா என்றாய். 2021-இல் இரண்டாவது வீட்டுக்கும் அதையே சொன்னாய். மூன்றாவதற்கு முன்பணம் கட்டியிருப்பதை அக்கா சொல்லித்தான் அறிந்தேன். உழைத்துச் சேர்ப்பதை வேதம் குற்றம் சொல்வதில்லை. ஆபிரகாமும் யோபுவும் செல்வந்தர்களே. ஆனாலும் வனாந்தரத்தில் தேவன் வானத்திலிருந்து தந்த உணவான மன்னாவைப் பொறுக்கிய இஸ்ரவேலரை நினைத்துப் பார். மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு மீதியில்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைவுமில்லை. நாளைக்கு இருக்கட்டும் என்று ஒளித்து வைத்தது விடிவதற்குள் புழுத்து நாறியது. (ஓய்வுநாளுக்கென்று வைத்தது மட்டும் கெடவில்லை, நீ அதைச் சொல்லி என்னை மடக்குவாய் என்று தெரியும்.) மன்னாவில் பழுதில்லை. இன்றைக்குக் கொடுத்தவர் நாளைக்கும் கொடுப்பார் என்று நம்பாத மனதுக்கு எத்தனை படி சேர்த்தாலும் போதாது. பவுல் விலங்கோடு காவலில் இருந்துகொண்டு பிலிப்பியருக்கு எழுதும்போது, எந்த நிலைமையிலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன் என்கிறார்; பெற்றுக்கொண்டேன் என்று சொல்லவில்லை. கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் கற்றுக்கொடுக்க ஒருவன் வேண்டும். உனக்கு அந்த ஒருவன் நானாக இருந்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் நிறுத்திக் கடிதத்தை இரண்டு நாள் மடித்து வைத்திருந்தேன்.

உனக்குப் பதினொரு வயதிருக்கும்போது, ஞாயிறு பள்ளியில் லூக்கா 12-ஆம் அதிகாரத்து ஐசுவரியவானின் உவமையை நான் நடத்தினேன். நீ முன்வரிசையில் இருந்தாய். களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்தவனிடம், இந்த இராத்திரியிலே உன் ஆத்துமா எடுத்துக்கொள்ளப்படும் என்று தேவன் சொன்னதைக் குரல் உயர்த்தி வாசித்தேன். 16-ஆம் வசனத்தில் தொடங்கினேன். 13-ஆம் வசனத்தில் தொடங்கியிருக்க வேண்டும். ஆஸ்தியைப் பாகம் பிரித்துத் தரும்படி என் சகோதரனுக்குச் சொல்லும் என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டதால்தான் ஆண்டவர் அந்த உவமையையே சொன்னார். அந்த வாரம் செவ்வாய்க்கிழமை உன் சித்தப்பாவுக்கு எதிராக நான் வாய்தாவுக்குப் போகவேண்டியிருந்தது. வேண்டுமென்றேதான் அந்த மூன்று வசனங்களையும் தாண்டினேன்.

பன்னிரண்டு சென்ட் நிலத்துக்காக ஒன்பது வருடம் நடந்த வழக்கில் நான்தான் ஜெயித்தேன். தீர்ப்பு வந்த அன்று இரவு அம்மா பாயசம் வைத்தாள். ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. மறுநாளே வடக்கு எல்லையில் அரையடி உள்ளே வந்திருக்கிறதென்று நாடாக்கயிற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அந்த ஒன்பது வருடமும் உன் சித்தப்பாவோடு ஒப்புரவாகாமலே ஆலயத்தில் திருவிருந்து அப்பத்தைக் கைநீட்டி வாங்கியவன் நான். சித்தப்பா என்னோடு பேசாமலே போய்ச் சேர்ந்தான். பன்னிரண்டு சென்டில் அன்றிருந்த பனைகள் இன்றும் அப்படியே நிற்கின்றன. பதநீர் இறக்கக்கூட ஆளில்லை. போதாது என்னும் பாடத்தை நீ சிட்னியில் கற்கவில்லை, தம்பி. என் வீட்டுத் திண்ணையில், வக்கீலோடு நான் பேசிக்கொண்டிருந்த மாலைகளில் கற்றாய்.

அந்த நிலத்தைச் சித்தப்பா மகன் பேருக்குத் தானப் பத்திரம் எழுத நினைத்திருக்கிறேன். உன்னைக் கேட்காமல் எழுத மனமில்லை. சபையார் எல்லாரும் சேர்ந்து உண்ணும் அசனப் பண்டிகைக்கு முன்பு முடித்தால் அவனோடு ஒரே பந்தியில் உட்காரலாம். கோபமானாலும் சம்மதமானாலும் உன் வாயால் கேட்க வேண்டும், செய்தியாக அனுப்பாதே. பத்தரைக்குக் கூப்பிட்டாலும் நான் விழித்துத்தான் இருப்பேன்.

அம்மா முத்தங்கள் சொல்லச் சொன்னாள். சாப்பிட்டுவிட்டுத் தூங்கு.

அப்பா