வராதது நான் என்று எழுதியிருக்கிறது

அன்புள்ள ஆசிரியருக்கு,

குடும்ப நீதிமன்றங்களில் வழக்குகள் தேங்குவது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நீதிபதிகள் போதவில்லை, கட்சிக்காரர்களும் ஒழுங்காக வருவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். முதல் பாதி சரி. இரண்டாவது பாதி பற்றி, ஐந்தாவது வருடமாக விவாகரத்து வழக்கு நடத்திக்கொண்டிருக்கும் எனக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆரம்பத்தில் எல்லாம் ஓடத்தான் செய்தது. நோட்டீஸ் போனது, எதிர்தரப்பு ஆஜரானது, சமரச மையத்துக்கு அனுப்பினார்கள், பேச்சு முறிந்து திரும்பி வந்தோம். அப்புறம்தான் என் வக்கீல், "நீங்க வரவேண்டாம், சாட்சி சொல்லும்போது கூப்பிடுறேன்" என்றார். எனக்கு நிம்மதியாகவே இருந்தது, மறைக்கவில்லை. அந்த வராந்தாவில் கணவர் ஒரு பெஞ்சிலும் நான் ஒரு பெஞ்சிலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு என் வாட்ஸ்அப்பில் ஒரே செய்தி வரிசையாக நிற்கிறது. "சார், வணக்கம். நாளை வாய்தா என்று நினைக்கிறேன். நான் வரவேண்டுமா?" ஒவ்வொன்றின் அடியிலும் சாம்பல் நிறத்தில் இரண்டு டிக். போன் அடித்தால் அடித்து ஓயும். ஆபீஸுக்கே போனால் ஜூனியர் டைரியைப் புரட்டிவிட்டு, "எதிர்தரப்பு டைம் கேட்டிருக்காங்க மேடம்" என்பார். ஜூனியர்கள் மாறினார்கள், பதில் மாறவில்லை. மூன்றாவதாக வந்தவருக்கு என்னுடையது விவாகரத்து வழக்கா ஜீவனாம்ச வழக்கா என்பதே தெரியவில்லை.

கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்திதான், வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று போனிலேயே பார்க்கிற இ-கோர்ட்ஸ் செயலியைக் காட்டினாள். ஒவ்வொரு வழக்குக்கும் எழுத்தும் எண்ணுமாக 16 இலக்கத்தில் சி.என்.ஆர். எண் ஒன்று உண்டு. பழைய நகலில் தேடி எடுத்துப் போட்டேன். தொடர்ந்து மூன்று வாய்தாக்களுக்கு மனுதாரர் தரப்பில் யாரும் ஆஜராகாததால் என் மனு தள்ளுபடியாகி 19 நாள் ஆகியிருந்தது. இப்படித் தள்ளுபடியானதை மறுபடி கோப்பில் எடுக்கச் சொல்லி மனுப்போட 30 நாள்தான் அவகாசம். தாண்டிவிட்டால் தாமதத்தைப் பொறுத்தருளச் சொல்லி இன்னொரு மனு, அதற்குத் தனியாக வாய்தா. என் கையில் மிச்சம் 11 நாள்.

வக்கீலை மாற்றலாம் என்றால், வழக்குக் காகிதங்கள் அடங்கிய கட்டு அவரிடம். பாக்கி ஃபீஸைக் கட்டினால்தான் கட்டு, அப்போதுதான் 'ஆட்சேபணை இல்லை' என்று கையெழுத்து என்று ஜூனியர் மூலம் சொல்லியனுப்பினார். போன் எடுக்காத மனிதர் அதை மட்டும் அன்றைக்கே சொல்லியனுப்பினார். வேறு வழியில்லாமல், செயலியில் கிடைத்த விவரங்களை வைத்து நானே மனு எழுதிக்கொண்டு போய் நின்றேன். குடும்ப நீதிமன்றச் சட்டம் 1984-இன் 13-வது பிரிவுப்படி அங்கே வக்கீல் மூலம் வாதாடுவது உரிமையே கிடையாது. கட்சிக்காரர் தானே பேசலாம் என்பதுதான் அடிப்படை. இது எனக்கு அதுவரை யாரும் சொல்லாத செய்தி. "உங்க வக்கீல் எங்கம்மா?" என்று நீதிபதி கேட்டார். "அதுதான் எனக்கும் தெரியலைங்க" என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். மனு கோப்பில் ஏறியது.

கட்டு விஷயத்தில், ஃபீஸ் பாக்கி என்று சொல்லி வக்கீல் வழக்குக் கட்டைப் பிடித்துவைக்க முடியாது, அது தொழில் ஒழுங்கீனம் என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பாக்கிக்கு அவர் தனியாக வழக்குப் போட்டுக்கொள்ளலாம். இதைச் சொல்லி ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பினேன். நான்காம் நாள் கட்டு வந்தது. கட்டுக்குள்ளே நான் முதல் நாள் கொடுத்த கவர், அசல் கல்யாணப் பத்திரிகையோடு, ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. யாரும் பிரிக்கவே இல்லை.

நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போயேன் என்றார்கள் உறவினர்கள். வக்கீல் தொழில் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பார் கவுன்சிலில் புகார் செய்யலாம்; ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று விதியும் இருக்கிறது. நான் செய்யவில்லை. ஒரு வழக்கையே தூக்கிச் சுமக்க முடியவில்லை, இன்னொன்று எதற்கு?

ஒரே நாளில் நான்கு கோர்ட்டுக்கு ஓடுகிற வக்கீல்களின் பாடு எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் 'வர முடியவில்லை' என்று ஒரு வரி அனுப்பியிருந்தால் நானே போய் நின்றிருப்பேனே. இந்து திருமணச் சட்டம் விவாகரத்து மனுவை ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

இப்போது உங்கள் கட்டுரைக்கு வருகிறேன். அந்த மூன்று வாய்தாக்களுக்கும் பதிவேட்டில் இருப்பது 'மனுதாரர் ஆஜராகவில்லை' என்பதுதான். வக்கீல் வராததும் என் பெயரில்தான் ஏறியிருக்கிறது. கட்சிக்காரர்கள் வருவதில்லை என்று நீங்கள் எழுதியபோது அந்தக் கணக்கில் நானும் இருந்திருப்பேன். அடுத்த முறை எழுதும்போது, அவர்களில் எத்தனை பேருக்குத் தேதி தெரிந்திருந்தது என்றும் விசாரியுங்கள்.

என் பழைய மனுவில் மனுதாரரின் கைபேசி எண் என்ற இடத்தில் வக்கீல் ஆபீஸ் எண் இருந்தது. நீதிமன்றத்திலிருந்து வந்த குறுஞ்செய்திகள் எல்லாம் அங்கேதான் போயிருக்கின்றன. புது வக்கீல் வைத்து வக்காலத்து போட்ட அன்று முதல் வேலையாக அதை மாற்றச் சொன்னேன். நேற்று வந்தது: அடுத்த வாய்தா வரும் 14-ஆம் தேதி, என் குறுக்கு விசாரணை. லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி