சிவப்புச் சாயம் போடாத சிக்கன் 65

ஈரோடு

அன்புள்ள கண்ணு,

நானும் அப்பாவும் நலம். நீ, மருமகள், குட்டி மூன்று பேரும் நல்லபடியாக இருக்க வேண்டும்.

உன் கம்பெனியில் எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை மருமகள் அனுப்பியிருந்தாள். ட்ரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது, மாத்திரை வேண்டாம், சாப்பாட்டைச் சரிசெய்தால் போதும் என்று டாக்டர் சொன்னாராமே. அதைக் கேட்டு நிம்மதியாக இருந்தது. ஆனால் நீ இனிமேல் ஓட்ஸ் கஞ்சியும் வெள்ளரிக்காயும்தான் என்று முடிவு கட்டிவிட்டாய் என்றும் சொன்னாள். அது மட்டும் வேண்டாம் கண்ணு. உன் நாக்கைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பாய், அப்புறம் ஒரு ராத்திரி ஃபோனை எடுத்து இரண்டு ஆள் பிரியாணியை ஒரே ஆளாக வரவழைப்பாய். உனக்குப் பிடித்ததையே சாப்பிடு, வீட்டில் செய்து சாப்பிடு. எப்படி என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஃபோனில் சொன்னால் பாதிதான் காதில் விழும்.

முதலில் ஒன்று. எண்ணெய் மட்டும்தான் எதிரி என்று நினைக்காதே. சர்க்கரை, மைதா, பாட்டில் குளிர்பானம், மது, அளவு மீறிய வெள்ளைச் சோறு, இவையும் ட்ரைகிளிசரைடை ஏற்றும். பிரியாணியோடு நீ குடிக்கிற கோலாவில் 250 மில்லிக்கே 25 கிராமுக்கு மேல் சர்க்கரை. ஆறு டீஸ்பூன் வருகிறது. உனக்கு டீயில் நான் அவ்வளவு போட்டால் குடிப்பாயா? அதை விட்டாலே பாதி வேலை முடிந்தது. மோர் குடி.

இனி சமையலுக்கு வருகிறேன். ஹோட்டல் பண்டம் எதை எடுத்துக்கொண்டாலும், அதில் ருசிக்காகப் போடுவது வேறு, கண்ணுக்கு எடுப்பாக இருக்கவும் கூட்டம் வந்தால் சட்டென்று எடுத்துக் கொடுக்கவும் போடுவது வேறு. முதலாவதைத் தொடாதே. இரண்டாவது நமக்குத் தேவையே இல்லை. எது எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டால் ருசி குறையாமல் எண்ணெயும் உப்பும் தானாகக் குறையும்.

சிக்கன் 65-ஐ எடுத்துக்கொள். 1965-ல் சென்னை புஹாரி ஹோட்டலில் வந்தது என்று சொல்வார்கள். அதன் ருசி எங்கே இருக்கிறது? தயிரிலும் இஞ்சி பூண்டிலும் கறி ஊறுவதில் இருக்கிறது. கடைசியில் சூடான எண்ணெயில் பொரிகிற கருவேப்பிலையிலும் கீறிய பச்சை மிளகாயிலும் இருக்கிறது. கண்ணைப் பறிக்கிற அந்தச் சிவப்பில் ருசி ஒன்றும் இல்லை. சிவப்பு வேண்டும் என்றால் காஷ்மீரி மிளகாய்த் தூள் போடு, காரம் ஏறாமல் நிறம் வரும்.

கால் கிலோ எலும்பில்லாத கறியைச் சின்னத் துண்டாக வெட்டு. பெரிய துண்டு போட்டால் உள்ளே வேகும் முன் வெளியே காய்ந்துவிடும். கெட்டித் தயிர் இரண்டு ஸ்பூன், இஞ்சி பூண்டு விழுது, காஷ்மீரி மிளகாய்த் தூள், மிளகுத் தூள், நம்ம ஊர் மஞ்சள், உப்பு எல்லாம் பிசறி ஃப்ரிட்ஜில் வை. காலையில் பிசறி வைத்துவிட்டு ஆபீஸ் போனால் சாயங்காலம் சரியாக இருக்கும். செய்யப் போகும்போதுதான் அரிசி மாவு ஒரு ஸ்பூன், சோள மாவு ஒரு ஸ்பூன் சேர்க்க வேண்டும். முன்பே சேர்த்தால் தயிரில் ஊறிக் கொழகொழவென்று ஆகிவிடும். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயை மேலே விட்டுப் பிசறி, அலமாரியில் தூங்குகிற ஏர் ஃப்ரையரை எடுத்து 190 டிகிரியில் பதினான்கு நிமிஷம் வை. துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது, பாதியில் ஒரு தடவை குலுக்கிவிடு. ஒரு துண்டைப் பிய்த்துப் பார், உள்ளே இளஞ்சிவப்பு இருந்தால் இன்னும் இரண்டு நிமிஷம். அப்புறம் வடைச்சட்டியில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் காய வைத்து, கருவேப்பிலையையும் பச்சை மிளகாயையும் போட்டுப் படபடவென்று வெடிக்கும்போது கறியைக் கொட்டி ஒரே பிரட்டு. இந்தக் கடைசித் தாளிப்பை மட்டும் விட்டுவிடாதே. கடையில் வருகிற வாசனை அங்கேதான் பிறக்கிறது.

இதை விடவும் நல்லது ஒன்று நம்மிடமே இருக்கிறது. காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பள்ளிபாளையம். அந்த ஊர்ச் சிக்கனுக்கு மசாலாத் தூளும் வேண்டாம், மாவும் வேண்டாம், முக்கிப் பொரிக்கவும் வேண்டாம். அரைக் கிலோ எலும்புக் கறியைப் பொடியாக வெட்டி வாங்கு. சின்ன வெங்காயம் கால் கிலோ உரித்துக்கொள். இதில் சோம்பல்பட்டுப் பெரிய வெங்காயம் போட்டால் இனிப்புத் தட்டாது, தண்ணீர்தான் விடும். வரமிளகாய் பத்துப் பன்னிரண்டைக் கிள்ளி விதையை உதறிவிடு. இரண்டு ஸ்பூன் கடலை எண்ணெயில் வரமிளகாயும் கருவேப்பிலையும் போட்டு, மிளகாய் கருகும் முன் வெங்காயத்தைச் சேர்த்து வதக்கு. வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனதும் கறி, மஞ்சள், உப்பு. தண்ணீர் ஊற்றாதே. மூடி போட்டுச் சிறு தீயில் விட்டால் கறி தன் தண்ணீரிலேயே வேகும். கடைசியில் மூடியை எடுத்துவிட்டு, தேங்காயைப் பல்லுப் பல்லாக நறுக்கிப் போட்டுச் சுருள வதக்கு. தேங்காய் கொழுப்புதான், அதனால் ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம். சட்டியின் அடியில் வெங்காயம் பழுப்பாகப் பிடிக்க ஆரம்பிக்கும்போது சுரண்டிச் சுரண்டிக் கிளறு, அந்தப் பழுப்புதான் ருசி. வாரத்தில் ஒரு நாள் இதைச் செய்தால் போதும், 65 ஞாபகமே வராது.

கோபி மஞ்சூரியன் உன் ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறது. மும்பையில் நெல்சன் வாங் என்கிற சமையல்காரர் 1975-ல் சிக்கனில் செய்ததுதான் மஞ்சூரியன், காலிஃபிளவர் அப்புறம் வந்தது. 2024 மார்ச்சில் கர்நாடக அரசு கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் போடக் கூடாது என்று தடை போட்டதே, படித்திருப்பாய். சோதித்துப் பார்த்ததில் பாதுகாப்பில்லாத செயற்கை நிறங்கள் அதில் கிடைத்தன. குட்டி அதைத்தான் கேட்டு அடம் பிடிக்கிறாள் என்று மருமகள் சொன்னபோது எனக்கு வயிறு பகீர் என்றது. இந்த ஒன்றை மட்டுமாவது வீட்டில் செய்துவிடு கண்ணு.

காலிஃபிளவரை உப்பும் மஞ்சளும் போட்ட கொதிநீரில் இரண்டு நிமிஷம் விட்டு எடுத்து, துணியில் பரப்பி நன்றாக உலர விடு. ஈரம் இருந்தால் மொறுமொறுப்பு வரவே வராது. சோள மாவைத் தண்ணீர் விடாமல் மேலே தூவிப் பிசறி, தோசைக் கல்லில் கொஞ்சமாக எண்ணெய் விட்டுப் பிரட்டிப் பிரட்டிச் சிவக்க எடு. மாவுக் கவசம் மெல்லியதாக இருந்தால் எண்ணெய் குடிக்காது. சாஸுக்கு, வெந்நீரில் ஊறிய காஷ்மீரி மிளகாய் நாலும் ஒரு தக்காளியும் அரைத்துக்கொள். தக்காளி கெச்சப் வேண்டாம், சர்க்கரை அதிகம். பொடியாக நறுக்கிய பூண்டும் இஞ்சியும் தாராளமாக இருக்கட்டும், தீ பெரிதாக இருக்கட்டும். சோயா சாஸ் மட்டும் கை அடக்கமாக விட வேண்டும். ஒரு டேபிள்ஸ்பூனிலேயே இரண்டு கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. ஒரு நாள் முழுவதற்கும் ஒரு ஆளுக்கு 5 கிராமுக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதனால் சோயா சாஸ் ஊற்றும் பண்டத்தில் தனியாக உப்பே போடாதே. கடைசியில் வினிகர் ஒரு டீஸ்பூன், வெங்காயத் தாள் நிறைய.

பனீர் பட்டர் மசாலாவில் வெண்ணெயைச் சட்டியில் முதலிலேயே போட்டு வதக்குவது வீண். வெண்ணெயின் வாசனை கடைசியில் போட்டால்தான் நிற்கும். வெங்காயம், தக்காளி, எட்டு முந்திரி மூன்றையும் வேக வைத்து மை மாதிரி அரைத்து, அதிலேயே கிரேவி வை. இறக்கும்போது ஒரே ஒரு ஸ்பூன் வெண்ணெயும் கையில் கசக்கிய கசூரி மேத்தியும், அதுதான் காய்ந்த வெந்தயக் கீரை. கிரீமுக்குப் பதில் கால் டம்ளர் பால் போதும். பனீரைப் பொரிக்காதே, உப்புப் போட்ட வெந்நீரில் ஐந்து நிமிஷம் கிடந்தாலே பஞ்சாக இருக்கும்.

பிரியாணியில் நான் கை வைக்கச் சொல்ல மாட்டேன். சீரகச் சம்பாவில், அளவான எண்ணெயில், ஒரு ஸ்பூன் நெய்யோடு வீட்டில் செய்கிற பிரியாணி நல்ல சாப்பாடுதான். அரிசி அளவுக்குக் கறியும் இருக்கட்டும். தட்டில் ஒரு தடவைதான் போட வேண்டும், மீதி இடம் வெங்காயத் தயிர்ப் பச்சடிக்கு.

பரோட்டாவை வீட்டில் செய்யவே முயலாதே. கோதுமை மாவில் வீசினால் அது பரோட்டா ஆகாது, உனக்கும் ஏமாற்றம். மாதம் ஒரு நாள் நல்ல கடையில் சூடாக இரண்டு சாப்பிட்டுவிட்டு வா. சால்னாவை மட்டும் வீட்டில் வைத்துச் சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்.

பொரித்தே ஆக வேண்டிய நாள் வரும், பண்டிகை என்று. அன்றைக்குப் பொரி, பயப்படாதே. ஆனால் சின்னச் சட்டியில் கொஞ்சம் எண்ணெய். ஒரு துளி மாவை விட்டால் உடனே மேலே எழும்பி வர வேண்டும், அந்தச் சூட்டில்தான் பொரிக்க வேண்டும். காயாத எண்ணெயில் போட்டால் பண்டம் அவ்வளவையும் உறிஞ்சிவிடும். பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சாதே. கடைகளுக்கே இதற்குச் சட்டம் இருக்கிறது. எண்ணெய் கெட கெடச் சேருகிற போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து விதி. அதை எந்தக் கடை அளந்து பார்க்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? போண்டா, ஜவ்வரிசி வடை மாதிரி உருண்டைகளைக் குழிப்பணியாரக் கல்லில் குழிக்கு அரை டீஸ்பூன் எண்ணெய் விட்டுச் செய். உள்ளே மிருதுவாகவும் வெளியே முறுகலாகவும் வரும். பஜ்ஜிக்கு இது சரிப்படாது.

இப்போது குட்டியின் பிறந்தநாள். வீட்டிலேயே வைக்கிறீர்கள் என்று கேட்டதும் அப்பாவுக்கு ரொம்ப சந்தோஷம். பிள்ளைகளுக்குப் பானிபூரியே போதும் என்பது என் எண்ணம். பூரியைக் கடையில் வாங்கிக்கொள், தண்ணீரை மட்டும் நாம் கலக்குவோம். புதினா ஒரு கட்டு, கொத்தமல்லி அரைக் கட்டு, பிள்ளைகளுக்காக ஒரே ஒரு பச்சை மிளகாய், இஞ்சி, புளி, வறுத்த சீரகம், கருப்பு உப்பு. காய்ச்சி ஆற வைத்த தண்ணீரில் கலந்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். உள்ளே வைக்க உருளைக்கிழங்கு பாதி, முளைகட்டிய பாசிப்பயறு வேக வைத்தது பாதி. பிள்ளைகள் தாங்களே உடைத்து, நிரப்பி, ஊற்றிச் சாப்பிடுவார்கள், அதுவே அவர்களுக்கு விளையாட்டு.

மயோனைஸ் வாங்க வேண்டாம். பச்சை முட்டையில் செய்கிற மயோனைஸை 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டில் ஒரு வருஷத்துக்குத் தடை செய்தார்கள், கிருமி சீக்கிரம் பெருகும் என்பதால். அரைக் கிலோ தயிரைத் துணியில் கட்டி ஃப்ரிட்ஜுக்குள்ளேயே ராத்திரி முழுக்க வடிய விடு. காலையில் வெண்ணெய் மாதிரி கெட்டியாக இருக்கும். தட்டிய பூண்டு, மிளகுத் தூள், கொஞ்சம் கடுகுத் தூள், எலுமிச்சைச் சாறு, உப்பு சேர்த்து அடித்தால் கேரட், வெள்ளரித் துண்டுகளைப் பிள்ளைகள் இதில் தொட்டுத் தொட்டே காலி செய்துவிடுவார்கள்.

கேக்கை மட்டும் கடையிலேயே வாங்கு. மெழுகுவர்த்தி ஊத ஒரு நல்ல கேக் இருக்கட்டும், அரைக் கிலோ, பளிச்சென்ற நிறக் கிரீம் இல்லாதது. சின்னச் சின்னத் துண்டாக வெட்டினால் எல்லோருக்கும் வரும். மருமகள் நாட்டுச் சர்க்கரையில் கேக் செய்யலாமா என்று கேட்டாள். செய்யலாம், வாசனை நன்றாக இருக்கும். ஆனால் நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான், உடம்புக்கு நல்லது என்று நீ இரண்டு துண்டு எடுத்துக்கொள்ளாதே. குடிக்க நன்னாரி சர்பத் கொண்டு வருகிறேன். பாதி அளவு சர்பத், நிறைய எலுமிச்சை, நிறைய ஐஸ்.

அடுத்த ரத்தப் பரிசோதனை மூன்று மாதம் கழித்து என்றாள் மருமகள். அந்த ரிப்போர்ட்டையும் மறைக்காமல் அனுப்பு. சாப்பிட்டதும் நாற்காலியில் போய் விழாமல் மூன்று பேரும் ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள்.

நாங்கள் பிறந்தநாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் வந்துவிடுவோம். செக்குக் கடலை எண்ணெய் ஐந்து லிட்டர், மஞ்சள் தூள், சின்ன வெங்காயம் எல்லாம் நான் கட்டி எடுத்து வருகிறேன். நீ குழிப்பணியாரக் கல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல், இல்லையென்றால் இங்கிருந்தே இரும்பில் வாங்கிப் பழக்கிக் கொண்டு வருகிறேன். எத்தனை பிள்ளைகள் வருவார்கள், அதில் யாருக்காவது கடலை, முந்திரி ஒத்துக்கொள்ளாதா என்று அவர்கள் வீட்டில் கேட்டு வைக்கச் சொல் மருமகளிடம்.

அன்புடன்,
அம்மா